குதிகாலில் நீலப் புள்ளி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் பூங்காவனத்துக்கு எப்போதும் உண்டு. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். ஒரு விஷயத்தை முன்பின் மாறாமல் சொல்ல வராது. சொல்ல உட்கார்ந்தால் அடுப்பில் வைத்த உலை ஞாபகம் வரும், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் விட்ட இடம் மறந்திருக்கும். அதோடு இது வாய் போன போக்கில் சொல்கிற சங்கதியும் இல்லை. ஒரு சொல் கூடியோ குறைந்தோ கேட்கக் கூடாத காதில் விழுந்து, விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் யார் கேட்டாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவாள்: கெராங் தீவில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கக் கூடாது. கொஞ்சம் பேர்தான். மிகவும் கொஞ்சம் பேர்.

மலேசியக் கரையிலிருந்து படகில் போனால், கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்துகொண்டே நெடுநேரம் கிட்ட வராமல் இருக்கும் தீவு அது. மீன் பிடிக்கிற மலாய்க்காரர்கள், கடை வைத்திருக்கும் ஆ லெங்கின் குடும்பம், கலங்கரை விளக்கத்து வேலைக்கு வந்து அங்கேயே வேர்விட்டுப்போன தமிழர் வீடுகள் சில. பூங்காவனத்தின் கணவர் தர்மலிங்கம் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். அந்த வருஷம் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து பிள்ளைகள் நண்டு ஆராய்ச்சிக்கு வந்து, மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். முதல் நாள் ஊர் மிளகாய்ச் சம்பலை வாயில் வைத்துக் கண்ணீர் விட்டார்கள். இரண்டாம் நாள் ரசமும் புளிக்குழம்பும் வைத்துக் கொடுக்கப் பூங்காவனத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நல்ல பிள்ளைகள். சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள். காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு மணலில் குழி குழியாகத் தேடி நண்டு பிடிப்பார்கள். பிடித்ததைப் புரட்டி வயிற்றைப் பார்ப்பார்கள், முதுகில் நீல நிற நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார்கள், ஊதிக் காயவைப்பார்கள், விட்டுவிடுவார்கள். வெயில் ஏறியதும் வாளியைப் போட்டுவிட்டுக் கடலில் குதிப்பார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையை நீருக்குள் விட்டு மிதப்பார்கள், பந்து அடிப்பார்கள், ஒருவரை ஒருவர் மணலில் புதைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு இவர்கள் படிக்க வந்தார்களா விளையாட வந்தார்களா என்று தெரியாது. அவர்களுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

அவர்களில் பெனிட்டா என்ற பெண் பொறுப்பானவள். இசக்கிராஜா என்றொரு பையன், கடலைக் கண்டால் கால் தரையில் பாவாது. ஒருநாள் காலை, பிடித்த நண்டையெல்லாம் பிடித்த பிடித்த இடத்தில் கொண்டுபோய் விடாமல், அலை நன்றாக இருக்கிறது என்று படகுத்துறைப் பக்கமாக வாளியோடு கவிழ்த்துவிட்டு நீந்தப் போய்விட்டான். சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பூங்காவனத்துக்கு வாசலில் நடந்த சண்டை தெளிவாகக் கேட்டது.

"ஏல, எடுத்த எடத்துல விடணும்னு சார் எத்தன மட்டம் சொன்னாரு? எல்லாத்தையும் படகுத்துறைல கொண்டு தட்டியிருக்கே!"

"ஏட்டி, நண்டு என்ன வீட்டு வரியா கட்டுது? எங்க விட்டாலும் குழி தோண்டிக்கிடும்."

"உன்னயக் கொண்டுபோயி ராமேஸ்வரத்துல எறக்கிவிட்டா திசையன்விளைக்கு நடந்தே போயிருவியால?"

"சாப்பாடு போட்டா போவேன். ஆன்ட்டி, இன்னிக்கு என்ன கொழம்பு?"

பூங்காவனம் சிரித்துக்கொண்டே முருங்கைக்காய் என்றாள். அப்படிச் சிரித்ததை நினைத்தால் பிறகு அவளுக்கு உடம்பு கூசும்.

மறுநாள் மதியம் அது நடந்தது. வெயில் உச்சியில் நின்று, தென்னை நிழல் தன் காலடியிலேயே சுருண்டு படுத்துக்கொள்ளும் நேரத்தில், தீவில் யாரும் விழித்திருப்பதில்லை. வலை பின்னுகிறவன் வலைமேலேயே சாய்ந்துவிடுவான், கடைக்காரன் கல்லாப்பெட்டிமேல் கன்னத்தை வைத்துவிடுவான். அப்படித் தூங்கியவர்களில் பாதிப் பேர் கண் விழித்தபோது படகுத்துறைப் பலகைமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தார்கள். எல்லார் தலையும் நனைந்திருந்தது. எல்லார் கடைவாயிலும் மணல் இருந்தது. எல்லார் இடது குதிகாலிலும் மிளகு அளவில் ஒரு நீலப் புள்ளி இருந்தது.

முதலில் பேசியவன் ஆ லெங். பனியனோடு எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்து, "ஐயோ, கடை தொறந்து கெடக்குது லா!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் துணி காயப்போட்டதும் கோழி அடைத்ததும் நினைவு வந்து, அவரவர் எழுந்து புட்டத்தில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பூங்காவனத்தால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. தூக்கத்தில் தன்னை யாரோ பின்பக்கமாக, இரண்டு விலாவையும் சேர்த்து, கை ஓங்கவோ கிள்ளவோ முடியாதபடி பிடித்துத் தூக்கியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தூக்கியவர்கள் அவளைப் புரட்டினார்கள். வயிற்றைப் பார்த்தார்கள். குதிகாலில் சில்லென்று ஏதோ பட்டது. பிறகு வெதுவெதுப்பான காற்று, நெடுநேரம், அந்த இடத்திலேயே வீசியது.

ஊதிக் காயவைத்திருக்கிறார்கள்.

தீவு அதை எடுத்துக்கொண்ட விதம்தான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் தின்னர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்றதும் தேய்ப்பதை விட்டுவிட்டார்கள். கரையிலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் சிலருடைய காலைப் பார்த்தார், இளநீர் குடித்தார், கொசு மருந்து அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். கிளினிக் நர்ஸ் அரிப்புக்குக் களிம்பு கொடுத்தாள். அரிப்பே இல்லை என்றதும் அதையே முகத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். புள்ளி உள்ளவர்கள் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார்கள். புள்ளி இல்லாதவர்களுக்குத் தங்களை மட்டும் யாரோ விருந்துக்குக் கூப்பிடாமல் விட்டதுபோல மனக்குறை வந்து, மதியத்தில் பாயை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கே போய்ப் படுத்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு குடும்பம் மாப்பிள்ளைக்குப் புள்ளி உண்டா என்று கேட்டது. மாணவர்கள் எல்லார் காலையும் படம் எடுத்துக்கொண்டு, ஊர்த் திருவிழாவில் குத்திக்கொண்ட பச்சை என்று நினைத்து, எங்களுக்கும் குத்திவிடுங்கள் ஆன்ட்டி என்று காலை நீட்டினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. காற்றே இல்லாத மதியங்களில் கடல் தளும்பியது. அலையாக வரவில்லை, வாளித் தண்ணீருக்குள் யாரோ கை விட்டு அளைந்தால் விளிம்பில் எப்படி மோதுமோ அப்படி மோதியது. தூரத்தில், யாரும் இல்லாத நீரில், மேலிருந்து குதித்ததுபோலத் தொப் தொப்பென்று சத்தம் வந்தது. மீனவர்கள் கொஞ்சம் தள்ளி வலை போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பூங்காவனம் மட்டும் தூங்கவில்லை. மதியத்தில் காலைச் சேலைத் தலைப்பால் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா, பிடிச்சவன் விட்டுட்டான்ல? அப்புறம் என்ன?" என்றார் தர்மலிங்கம். அவருக்கும் புள்ளி இருந்தது.

"விட்டவன் ஏன் அடையாளம் வச்சான்?"

தர்மலிங்கம் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். வளைகாப்பு முடிந்து இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையலோடு, வீங்கிய காலோடு, படகு முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் உதிரம் லேசாகப் பட்டது. நர்ஸ் வயிற்றைத் தடவிப் பார்த்து, "பிள்ளை பிறக்கிற வரைக்கும் இவங்களப் படகுல ஏத்தவே கூடாது. எழுந்து நடக்கவும் ரொம்ப விடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். மகளைக் கையோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று படகுக்காரனிடம் பேசி வைத்திருந்த பூங்காவனம், அந்தப் பேச்சை அப்படியே விழுங்கிக்கொண்டாள். தீவில் அப்போது வயிற்றுப் பிள்ளையோடு இருந்தவள் சுகந்தி ஒருத்திதான்.

பயம் பொறுக்க முடியாமல் ஒரு காலை பெனிட்டாவிடம் கேட்டாள். பெனிட்டா திண்ணெனப் பெரிய நண்டு ஒன்றைப் பின்பக்கமாகப் பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியைப் பார்த்ததும் பூங்காவனத்துக்குத் தன் விலா இரண்டும் வலித்தது.

"எதுக்கு பாப்பா பொட்டு வைக்கிறீங்க?"

"எல்லா நண்டையும் எண்ண முடியாதுல்லா ஆன்ட்டி. அதான் கொஞ்சம் பிடிச்சு, பொட்டு வச்சு, விட்டுருவோம். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பிடிப்போம். பிடிச்சதுல பொட்டு வச்சது நெறைய இருந்தா, கூட்டமே சின்னக் கூட்டம்னு அர்த்தம். பொட்டு இல்லாத புதுசு நெறைய வந்தா, இன்னும் எக்கச்சக்கமா கெடக்குன்னு அர்த்தம்."

"மறுபடி பிடிப்பீங்களா?"

"பிடிக்காம எப்படிக் கணக்கு வரும்?"

"பிடிச்சப்புறம்?"

"விட்டுருவோம். சாம்பிளுக்கு மட்டும் எடுத்துக்கிடுவோம். ஆண் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு, குட்டி ஒண்ணு, சினை ஒண்ணு. பாட்டில்ல ஸ்பிரிட் ஊத்திப் போட்டுட்டா வருஷக்கணக்கா கெடாது." பெனிட்டா நண்டின் வயிற்று மடலை நகத்தால் மெல்ல விலக்கிப் பார்த்தாள். "சினைதான் கெடைக்கவே மாட்டேங்கு."

பூங்காவனம் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பெனிட்டா நண்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, வெயில் ஆன்ட்டி, தண்ணி குடிங்க என்று தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவ்வளவு பிரியமான பெண். அதுதான் பூங்காவனத்துக்கு இன்னும் பயமாக இருந்தது. பிடித்தவர்கள் பேயோ பிசாசோ என்றால் விரட்ட ஆள் இருக்கிறது, கட்டக் கயிறு இருக்கிறது. அவர்களும் இப்படி நல்ல பிள்ளைகளாக, படிக்க வந்த இடத்தில் கொஞ்சம் நீந்திக்கொண்டு, கொடுத்த வேலையைச் சரியாகச் செய்ய ஆசைப்படுகிறவர்களாக இருந்துவிட்டால் யாரிடம் போய் அழுவது? அவர்களிலும் ஓர் இசக்கிராஜா இருக்கிறான், படகுத்துறையில் கொண்டுபோய்க் கொட்டியவன். அவர்களிலும் ஒரு பெனிட்டா இருப்பாள், சினை கிடைக்கவில்லையே என்று தேடிக்கொண்டு.

"சினை எடுக்காம விட முடியாதா பாப்பா?"

"கூட்டம் ரொம்பச் சின்னதுன்னு கணக்கு வந்துட்டா ஒண்ணுகூட எடுக்கக் கூடாது ஆன்ட்டி. சட்டமே அப்படித்தான். எடுத்தத எடுத்த எடத்துல பத்திரமா விட்டுட்டு, வாளியக் கழுவிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

பூங்காவனம் அந்தத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். எழுந்தாள். சோற்றை வடிக்காமலே ஆ லெங் கடைக்குப் போனாள்.

சாயங்காலம் கடை வாசலில் கூட்டம் கூடியது. அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. மலாய் பாதி, தமிழ் பாதி, சொன்னதையே மூன்று தரம் சொல்லி, நடுவில் சுகந்திக்கு மாத்திரை கொடுத்தோமா என்று யோசித்து, கடைசியில் ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்: புள்ளி இல்லாதவர்கள் எல்லாரும் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தர் விடாமல். மறுபடி பிடிக்கும்போது பிடித்ததெல்லாம் பழசாகவே இருந்தால், இங்கே இருப்பதே இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு நம்மை விட்டுவிடுவார்கள்.

வலைக்கார ரம்லி, "அப்போ எங்களுக்கு வச்ச புள்ளிக்கு என்ன மதிப்பு அக்கா? நேத்து வரைக்கும் இல்லாதவன் எல்லாம் இன்னைக்குச் சாயம் பூசிட்டு வந்து என் பக்கத்துல உக்காருவானா?" என்றான்.

"உன் பக்கத்துல உக்கார மீன் நாத்தம் தாங்குறவன் வேணுமே லா," என்றான் ஆ லெங். சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் ஆ லெங்கே கேட்டான்: "ஆனா அக்கா, நாம கொஞ்சம் பேர்னு காட்டுறது நல்லதா? கொஞ்சம் பேர்னா பள்ளிக்கூடத்தை மூடுனாங்க. கொஞ்சம் பேர்னா படகை ஒரு நேரம் ஆக்குனாங்க. நாம நெறைய பேர்னு காட்டத்தான் இத்தனை வருஷம் மனு போட்டோம்."

அது நியாயமாகத்தான் இருந்தது. பூங்காவனத்துக்குக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. "என் புள்ளையப் பாட்டில்ல போட்டுருவாங்க தௌக்கே," என்றாள் கடைக்காரனைப் பார்த்து. "வளையலோட."

பக்கத்து வீட்டு மக் தீமா, தீவில் பாதிப் பேரைப் பிரசவத்தில் தன் கையில் வாங்கியவள், தன் இடது காலை எடுத்துப் பெஞ்சுமேல் போட்டாள். அவளுக்குப் புள்ளி இல்லை. "வை," என்றாள். "எனக்கு உட்கார்ந்தால் முதுகு வலி. சீக்கிரம் வை."

அதற்குப் பிறகு வேலை தானாக நடந்தது. ஆ லெங் கடையில் இருந்த நீல நெயில் பாலிஷ் சீக்கிரமே தீர்ந்துவிட்டது, அதன் நிறமும் ஒத்துவரவில்லை. தர்மலிங்கம் வீட்டுக்குப் போய்ப் படகு பெயிண்டைக் கொண்டுவந்து, ஒரு கொட்டாங்கச்சியில் நீலத்தையும் வெள்ளையையும் விட்டு, தன் குதிகாலைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து, அச்சாக அதே நீலத்தைக் கலந்து கொடுத்தார். தீக்குச்சி முனையால் வைத்தார்கள். கூச்சம் தாங்காமல் சிரித்தவர்கள் உண்டு, மதிப்புக் குறைந்துவிட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ரம்லி முனகிக்கொண்டே தன் மாமியாருக்கு வைத்துவிட்டான். தொட்டில் குழந்தைகளுக்கும், காலை நீட்டிக் காத்திருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். கலங்கரை விளக்கத்துக்கு ஆள் அனுப்பி அங்கிருந்தவருக்கும் வைத்தார்கள். இருட்டுவதற்குள் தீவில் புள்ளி இல்லாத கால் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"நான் என்ன மாடா, சூடு வைக்க?" என்றாள் சுகந்தி.

"சூடு இல்லடி. பெயிண்ட்டுதான்."

"உனக்கு எப்பவும் இதே வேலைம்மா. சின்ன வயசுல எல்லாரும் கடல்ல குளிச்சாங்க, என்னைய மட்டும் தண்ணி டிரம்முல குளிப்பாட்டுன. கல்யாணத்துக்கு மழை வந்துரும்னு அழுத. இப்ப இது. எங்க வீட்டுல கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ கால நீட்டு."

"மாட்டேன்."

அன்றைக்கு அப்படியே விட்டாள். மறுநாள் விட்டாள். அதற்கும் மறுநாள் மதியம், இலை அசையாத வெயிலில், கடல் திடீரென்று தளும்பியது. முன்னைவிடப் பக்கத்தில், முன்னைவிடப் பலமாக, வாளியைத் தூக்கிக்கொண்டு யாரோ நடந்து வருவதுபோல. நீர் படகுத்துறையில் மோதி, மறுபக்கம் போய் மோதி, திரும்பி வந்து மோதியது. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

பூங்காவனம் ஓடிப்போய் மகளின் காலடியில் உட்கார்ந்தாள். வீங்கிய அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெற்றவள் காலைப் பிடிக்கிறாளே என்று சுகந்தி பதறி இழுக்கப் பார்த்தாள், வயிறு விடவில்லை. "அம்மா, விடும்மா, பாவம்மா" என்றாள். பூங்காவனம் விடவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்க்கவும் இல்லை. "எனக்குப் பயமா இருக்குடி," என்றாள். "சரியோ தப்போ. எனக்குப் பயமா இருக்கு."

சுகந்தி வெளியே பார்த்தாள். காற்றில்லாத கடல் மறுபடியும் மோதியது. அவள் காலைத் தளர்த்தினாள்.

அவசரமாக வைத்ததால் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஊதிக் காயவைக்க வாயைக் குவித்தபோது பூங்காவனத்துக்கு மூச்சே வரவில்லை; கொட்டாவிதான் வந்தது. தூங்கக் கூடாது, தூங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மகளின் காலைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிப்போனாள்.

இந்தத் தடவை எல்லாரையும் எடுத்தார்கள். விலா இரண்டிலும் அந்தப் பிடி விழுந்ததும் பூங்காவனம் கண்ணைத் திறக்கப் பார்த்தாள். இமைக்கு அப்பால் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அவளைப் புரட்டிக் குதிகாலைப் பார்த்தார்கள். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று வரிசையாகப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றைப் பார்த்ததும் தூரத்துப் படகு இன்ஜின்போல ஒரு முனகல் எழுந்தது. ஒன்றுக்குப் பதில் ஒன்று. கேள்வி கேட்பதுபோல ஒன்று, இல்லை என்பதுபோல ஒன்று. பிறகு எங்கோ பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. முனகல் நின்றது. எல்லாமே நின்றது. வளையல் மட்டும் கலகலவென்று, புரண்டு, மறுபடி புரண்டு, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கத்தினாள். நண்டு கத்தினால் நமக்குக் கேட்கிறதா?

கண் விழித்தபோது தன் வீட்டில், கட்டிலோரத்தில், தான் தூங்கிப்போன அதே வாட்டத்தில் இருந்தாள். தெருவில் எல்லாரும் அப்படித்தான். ஆ லெங் கல்லாப்பெட்டிமேல் அதே கன்னத்தை வைத்து எழுந்தான். கடைவாயில் மணல்கூட இல்லை. அத்தனை கவனமாக வைத்திருந்தார்கள்.

சுகந்தியின் கட்டில் காலியாக இருந்தது.

தீவே தேடியது. பூங்காவனமும் தேடினாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கடலைப் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே ஓடினாள். தர்மலிங்கம் படகை எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றினார். கடைசியில் மக் தீமாதான் கூப்பிட்டாள். தீவின் பின்பக்கம், கடல் ஏறாத மேட்டில், தாழைப் புதரின் நிழலில், ஈரமணலைக் கிண்ணம்போலக் குழித்து, அதில் சுகந்தியை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தது. வெயில் படாமலிருக்கத் தென்னங்கீற்று ஒன்றை மேலே சாய்த்திருந்தது. சுகந்தி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வளையல்கூட உடையவில்லை.

பூங்காவனம் முதலில் வயிற்றைத் தொட்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது. பிறகுதான் காலைப் பார்த்தாள். படகு பெயிண்ட் அங்கே இல்லை. அதைத் துடைத்த தடம், அகலமான விரல் ரேகைபோல வரிவரியாக, பாதம் முழுக்க இருந்தது. அதன் நடுவே, மிளகு அளவில், வட்டம் பிசகாமல், அவர்களுடைய நீலப் புள்ளி.

தெரிந்துவிட்டது. அவர்களில் ஒருத்திக்கு இது பொய்ப் புள்ளி என்று தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, மற்றவர்கள் பார்ப்பதற்குள் துடைத்து, சரியானதை வைத்து, நிழல் தேடிப் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பூங்காவனம் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு அங்கே திட்டு விழுமோ என்றுகூட ஒரு பயம்.

கடல் அதற்குப் பிறகு காற்றில்லாமல் தளும்பவில்லை. சில நாளில் மாணவர்களும் கிளம்பினார்கள். இசக்கிராஜா முருங்கைக்காய்க் குழம்பைப் பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டான். பெனிட்டா கட்டிப்பிடித்துக்கொண்டு, "கணக்கு வந்துட்டு ஆன்ட்டி, நண்டு எக்கச்சக்கம்!" என்றாள். அவள் பையில் சாம்பிள் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பூங்காவனம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தீவு இதற்கும் பழகிக்கொண்டது. பெயிண்ட் புள்ளி தேய்ந்தால் ஆ லெங் கடையில் தீக்குச்சியும் கொட்டாங்கச்சியும் தயாராக இருக்கும். சிகரெட் வாங்க வருகிறவன் காலையும் காட்டிவிட்டுப் போவான். கரையிலிருந்து யாராவது வந்து தங்கினால் முதலில் காலைக் கழுவச் சொல்வார்கள். படகை இரண்டு நேரம் விடச் சொல்லி எழுதி வைத்திருந்த மனுவை ஆ லெங் எடுத்து மடித்து, மேசைக் கால் ஆடாமல் இருக்க அடியில் வைத்துவிட்டான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் சுகந்திக்கு வலி வந்தது. மக் தீமா கை கழுவிக்கொண்டு வந்தாள். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருக்கும்போது பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் கத்தியது, தீவு முழுக்கக் கேட்கும்படி, இன்னொன்று வந்துவிட்டேன் என்று எல்லாருக்கும் சொல்வதுபோல. சுகந்தி களைத்துக் கண்ணை மூடியிருந்தாள். வெளியே தர்மலிங்கம் என்ன குழந்தை, என்ன குழந்தை என்று கேட்டுக்கொண்டிருந்தார். மக் தீமா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இரு மக்," என்றாள் பூங்காவனம்.

சுருங்கிச் சிவந்து, நடுவிரல் நீளம்கூட இல்லாத அந்த இடது பாதத்தை ஈரத்துணியால் துடைத்தாள். குழந்தை உதைத்தது, விடாமல் பிடித்துக்கொண்டாள். சுண்டுவிரல் நுனியில் நீலத்தைத் தொட்டு, பாதம் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, குதிகாலில் வைத்தாள். வாயைக் குவித்து ஊதினாள், நெடுநேரம், அந்த இடத்திலேயே. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் தொப்புள்கொடியை அறுக்கச் சொன்னாள்.